மடங்கிய விரல்களும் இறங்கிய இமையும்: ஒரு கிளஸ்டர் தலைவலி இரவின் நிகழ்வு ஆய்வு

அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தபோது நான் பார்த்த ஒருவரைப் பற்றிய பதிவு இது. அவரும் அவர் மனைவியும் எழுதச் சம்மதித்தார்கள். யாரென்று அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். அந்த இரவில் எல்லோரையும் பதறவைத்த அறிகுறி ஒன்று, உண்மையில் கவனிக்க வேண்டியிருந்த அறிகுறி இன்னொன்று. இரண்டாவதை நாங்கள் கிட்டத்தட்டத் தவறவிட்டோம். எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

பின்னணி

அவருக்கு வயது 43. ஏழு ஆண்டுகளாக இடது கண்ணைச் சுற்றி வலி. ஆண்டுக்கு ஒருமுறை, ஆறிலிருந்து எட்டு வாரம் வரை தினமும் வரும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் போய்விடும். அந்த வாரங்களை வீட்டில் எல்லோரும் 'சீசன்' என்றுதான் சொல்வார்கள். முதல் நான்கு ஆண்டுகள் சைனஸ் என்று மருத்துவம் நடந்தது. மேல்தாடையில் நல்ல பல் ஒன்றைப் பிடுங்கியும் ஆயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் ஒரு நரம்பியல் மருத்துவர் இதைக் கிளஸ்டர் தலைவலி என்று கண்டுபிடித்தார். கொத்துத் தலைவலி என்றும் சொல்வார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். புகைப்பவர்களிடம் நிறையப் பார்க்கலாம், இவரும் புகைப்பவர்.

நோயைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒற்றைப் பக்கமாக, கண்ணிலும் நெற்றிப்பொட்டிலும் கடும் வலி. மருந்து எடுக்காவிட்டால் ஒரு அட்டாக் 15 நிமிடத்திலிருந்து 180 நிமிடம் வரை நீடிக்கும். இரண்டு நாளுக்கு ஒன்று முதல் ஒரே நாளில் எட்டு வரை வரலாம். வலிக்கும் பக்கத்தில் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை வீங்கும், சிலருக்கு இமை இறங்கிக் கண்மணி சுருங்கும். ஒற்றைத் தலைவலி (மைக்ரேன்) உள்ளவர் இருட்டறையில் அசையாமல் படுத்துக்கொள்வார். இவர்களால் உட்காரக்கூட முடியாது. நடப்பார்கள், முன்னும் பின்னும் ஆடுவார்கள், சுவரில் தலையை முட்டுவார்கள். கடிகாரம் பார்த்து வருவதுபோல் அதே நேரத்துக்கு வருவதும் உண்டு. உடலின் நாள் கடிகாரம் இருக்கும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை இதோடு சேர்த்துப் பேசுவது அதனால்தான். அட்டாக்கின்போது அந்தப் பகுதி விழித்துக்கொள்வதை 1998-இல் பெட் ஸ்கேனில் காட்டினார்கள்.

இந்த முறை சீசன் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. தடுப்பு மருந்தான வெராபமில், சென்ற சீசனில் மிஞ்சியது வீட்டில் இருந்தது. அதை அவராகவே எடுத்து நாளுக்கு 240 மி.கி. சாப்பிட்டு வந்தார். மருத்துவரைப் போய்ப் பார்க்கவில்லை. 'போன தடவை சரியாச்சே' என்பது அவர் கணக்கு. வலி வந்தால் போட்டுக்கொள்ள 6 மி.கி. சுமாட்ரிப்டான் ஊசி கையிருப்பில் இருந்தது. வீட்டில் ஆக்சிஜன் இல்லை.

அந்த இரவு, வீட்டில்

நேரங்களெல்லாம் மனைவியின் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. கடந்த சீசனிலிருந்தே அவர் குறித்து வருகிறார். எங்கள் பதிவேட்டைவிட அது துல்லியமாக இருந்தது.

1.40-க்கு வலி எழுப்பியது. 1.50-க்கு முதல் ஊசி. வழக்கமாகக் கால் மணியில் அடங்கும் வலி, அன்று 2.15-க்குத்தான் அடங்கியது. 3.20-க்கு மறுபடி வந்தது, முன்னதைவிடக் கடுமையாக. 3.35-க்கு இரண்டாவது ஊசி. ஐந்தே நிமிடத்தில் நெஞ்சை யாரோ அழுத்துவதுபோலவும் தொண்டை இறுகுவதுபோலவும் இருந்தது. வலியோ குறையவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியது.

3.55-க்குக் குறிப்பேட்டில் எழுத்து மாறிவிடுகிறது. 'கை இழுக்குது, வாய் கோணுது' என்று மட்டும் கோணல்மாணலாக எழுதியிருக்கிறார். இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போயின. உதட்டைச் சுற்றி மரத்துப்போய்ப் பேச்சு குழறியது. எழுந்து நிற்க முயன்றவர் கண் இருண்டு தரையில் சரிந்தார். நினைவு தவறவில்லை. பக்கவாதம் என்றே மனைவி முடிவுகட்டிவிட்டார். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சுவிடச் சொல்லுங்கள் என்று உடனிருந்த உறவினர் சொல்லியிருக்கிறார். பை கிடைக்காமல் போனது நல்லதாயிற்று. அப்படி மூச்சுவிட்டால் உள்ளே போகும் ஆக்சிஜன் குறையும். இவருக்குத் தேவையோ அதற்கு நேர் எதிரானது.

அவசரப் பிரிவில் கண்டவை

4.20-க்கு வந்து சேர்ந்தார்கள். நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 168/96, நிமிடத்துக்கு 34 மூச்சு, ஆக்சிஜன் அளவு 100 சதவீதம். ட்ராலியில் படுக்க மாட்டேன் என்று அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் விறைத்திருந்ததால் புறங்கையால் கம்பியை அணைத்தபடி. இடது கண் ரத்தச் சிவப்பு, கன்னம் நனைந்திருந்தது, இடது மூக்கிலிருந்து நீர். இமை வீங்கித் தொங்கியது. பிபி பார்க்கப் பட்டையில் காற்றேற்றியபோது அந்தக் கை மேலும் இறுகிக் குவிந்ததை நர்ஸ் கவனித்துச் சொன்னார்.

நான் அப்போது வேறொரு நோயாளியிடம் இருந்தேன். முதலில் பார்த்த இளநிலை மருத்துவர் இசிஜி எடுத்தார், பாராசிட்டமால் ஏற்றினார், மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் வைத்தார். முதல் குறிப்பில் 'தலைவலி, பதற்றம், அதிமூச்சு' என்று எழுதினார். தவறென்று சொல்ல முடியாது. ஆனால் 'பதற்றம்' என்ற சொல் ஒருமுறை தாளில் ஏறிவிட்டால் அடுத்து வருகிறவர்கள் எல்லாவற்றையும் அதன் வழியாகத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

4.35-க்கு அந்தக் குழாயும் கழற்றப்பட்டது. 'சாச்சுரேஷன் நூறு இருக்கே, இவருக்கு எதுக்கு ஆக்சிஜன்?' என்பது காரணம். பொது விதிப்படி சரியான கேள்விதான். கிளஸ்டர் தலைவலியில் மட்டும் அது பொருந்தாது. இங்கே ஆக்சிஜன் குறையை நிரப்பக் கொடுப்பதில்லை, அதுவே மருந்து. 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஆக்சிஜனில் 78 சதவீத அட்டாக்குகளும், சாதாரணக் காற்றில் 20 சதவீத அட்டாக்குகளும் அடங்கின. மூக்குக் குழாயில் 4 லிட்டர் என்பது இவருக்கு ஒன்றும் கொடுக்காததற்குச் சமம்.

எடுத்த முடிவுகள்

4.40-க்கு நான் போனேன். முதல் கேள்வி: இது பக்கவாதமா? இரண்டு கைகளும் ஒரே மாதிரி மடங்கியிருந்தன. பெருவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற நான்கும் நீண்டு கூம்பாகக் குவிந்திருந்தன. கையைத் தூக்கச் சொன்னால் இரண்டையும் ஒரே உயரத்தில் தூக்கி நிறுத்தினார். மூச்சை மெதுவாக விடச் சொல்லிப் பேசவைத்தால் பேச்சு தெளிந்தது. முகத்தில் இமையைத் தவிர வேறெங்கும் கோணல் இல்லை. ரத்தப் பரிசோதனையில் பி.எச். 7.56, கரியமில வாயு 22. வலியில் வேகவேகமாக மூச்சு விட்டதில் கரியமில வாயு வெளியேறி ரத்தம் காரத்தன்மைக்குப் போயிருந்தது. அப்போது ரத்தத்தில் தனித்து உலவும் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், நரம்புகள் தொட்டால் துடிக்கும் நிலைக்கு வந்துவிடும். விரல் மடங்குவதும் உதடு மரப்பதும் அதனால்தான். மூளைக்குப் போகும் குழாய்களும் சுருங்குவதால் கண் இருளும். பார்ப்பவர் குலைநடுங்கிப் போவார். ஆனால் மூச்சு நிதானப்பட்டால் தானாக விலகிவிடும்.

நெஞ்சு இறுக்கம் இரண்டாவது கேள்வி. சுமாட்ரிப்டான் ஊசிக்குப் பிறகு நெஞ்சும் தொண்டையும் இறுகுவது பலருக்கு உண்டு. பெரும்பாலும் இதயத்துக்கும் அதற்கும் தொடர்பிருக்காது. ஆனாலும் இருபது ஆண்டாகப் புகைப்பவரிடம் 'பெரும்பாலும்' என்பதை நம்பி விட முடியாது. ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து அது, இதய நோய் இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. இசிஜியில் வேகத் துடிப்பைத் தவிர மாற்றம் இல்லை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் உயரும் ட்ரோபோனின் அப்போதும் மூன்று மணி நேரம் கழித்தும் இயல்பு. மூன்றாவது ஊசி என்ற பேச்சுக்கே இடமில்லை. 24 மணி நேரத்துக்கு 12 மி.கி. உச்சவரம்பு, அது முடிந்துவிட்டது. ஓபியாய்டு வகை வலிநிவாரணியான டிரமடால் போடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். இந்த வலிக்கு அந்த வகை மருந்து சரிப்படாது. தூக்கம் மட்டும் வந்து, நரம்பு நிலையைப் பார்ப்பது கடினமாகிவிடும்.

ஆக, ஆக்சிஜன்தான். பை தொங்கும் மாஸ்க்கை முகத்தில் இடைவெளி விடாமல் பொருத்தி 15 லிட்டர் வைத்தோம். படுக்கவைக்கவில்லை. நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொள்ள விட்டோம், அவருக்கு அதுதான் தோதாக இருந்தது. அதிமூச்சு விடுபவருக்கு ஆக்சிஜன் கொடுத்தால் கை இன்னும் இழுக்காதா என்று நர்ஸ் கேட்டார். கரியமில வாயுவைக் குறைப்பது மூச்சின் வேகம்தான், மாஸ்க்கில் போகும் ஆக்சிஜன் அல்ல. வலி இறங்கினால் வேகமும் இறங்கும். அப்படியே நடந்தது. 4.58-க்குப் பெருவிரல் வெளியே வந்தது. 5 மணிக்கு வலி பத்திலிருந்து மூன்று என்றார். 5.10-க்கு வலியே இல்லை. மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

வலி போன பிறகு

எல்லோருக்கும் நிம்மதி. கணினியில் டிஸ்சார்ஜ் குறிப்பைப் பாதி எழுதிவிட்டேன். இரண்டாவது ட்ரோபோனினுக்காக மட்டுமே அவர் அங்கே இருந்தார்.

7 மணிக்கு மனைவி வந்து, 'டாக்டர், இவருக்கு வலி போன கொஞ்ச நேரத்துல கண்ணு திறந்துடும். இன்னைக்கு இன்னும் சின்னதாவே இருக்கு' என்றார். அசதியாக இருக்கும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் செல்பேசியில் பழைய படங்களைக் காட்டினார். சென்ற சீசனில் எடுத்த மூன்று படங்கள். ஒவ்வொன்றிலும் அட்டாக் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு கண்ணும் சமம்.

அவர் முன்னால் போய் உட்கார்ந்து பார்த்தேன். இடது மேல் இமை வலதைவிட இரண்டு மி.மீ. தாழ்ந்திருந்தது, கீழ் இமை ஒரு நூல் மேலே ஏறியிருந்தது. வெளிச்சத்தில் வலது கண்மணி 3 மி.மீ., இடது 2. அறை விளக்கை அணைத்து, மோவாய்க்குக் கீழிருந்து சிறிய டார்ச்சை மேல்நோக்கிப் பிடித்தேன். வலது கண்மணி சட்டென்று விரிந்து 5 ஆனது. இடது தயங்கித் தயங்கி 3-க்கு வந்து நின்றுவிட்டது. இருட்டில் வித்தியாசம் கூடினால் சுருங்கியிருக்கும் கண்மணிதான் நோயுற்றது என்று பொருள். ஹார்னர் நிலை என்பது இதுதான். கண்மணியை விரிக்கும் பரிவு நரம்பு எங்கேயோ அழுந்தியிருக்கிறது.

வந்தபோது எவ்வளவு இருந்தது என்று பார்க்கப் பதிவைத் திறந்தேன். 'இடது கண்மணி சிறியது' என்று என் கைப்பட எழுதியிருந்தேன். எத்தனை மி.மீ. என்று இல்லை. நிலைமை மோசமாகிறதா, தேறி வருகிறதா என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஸ்கேன் எடுத்தது ஏன்

கிளஸ்டர் தலைவலியிலேயே ஹார்னர் வரும். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியைச் சுற்றிப் பின்னிக்கொண்டு போகும் பரிவு நரம்பு அந்த நேரத்தில் அழுந்துவதாகக் கருதப்படுகிறது. பல அட்டாக்குகளுக்குப் பிறகு சிலரிடம் அது விலகாமல் தங்கிவிடுவதும் உண்டு. அதே நரம்பு அதே இடத்தில் பாதிக்கப்படும் இன்னொரு நோயும் இருக்கிறது: கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிதல். ஒரு பக்கத் தலைவலி, கழுத்துவலி, அதே பக்க ஹார்னர் என்று அச்சு அசலாகக் கிளஸ்டர் வேடத்தில் வரும். கிழிந்த இடத்தில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போனால் அப்போது வருவது நிஜப் பக்கவாதம். வலியோடு புதிதாக வந்த ஹார்னரைத் தமனி கிழிந்ததாகவே எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் வரை விடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவரை எழுப்பிக் கழுத்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டு நாளாக இடது கழுத்தில் வலி என்றார். ஏன் சொல்லவில்லை என்றால், 'நீங்க கேக்கலையே சார். அந்த வலிக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு வலியா?' என்றார். கழுத்துவலி கிளஸ்டரிலும் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன: வழக்கத்துக்கு மாறாக விலகாத இமை, புதிய கழுத்துவலி, மருந்துக்குச் சரியாக அடங்காத அட்டாக். வெறும் சி.டி. போதாது, அதில் தமனிச்சுவர் தெரியாது. தலைக்கும் கழுத்துக்கும், ரத்தக்குழாயில் சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுத்தோம்.

தமனிகள் சுத்தமாக இருந்தன. மெல்லிய கிழிசல் ஆஞ்சியோவில் தப்பிவிடலாம் என்பதால், மறுநாள் கொழுப்பை மறைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. செய்தோம். சுவருக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் அதில் பிறைபோல் வெள்ளையாகத் தெரியும். பிறை இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிப் பகுதியில் கட்டி இருந்தாலும் கிளஸ்டர் போலவே வலிக்கும் என்பதால் அதையும் பார்த்தோம், இல்லை. ஆஞ்சியோவோடு நிறுத்தியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. அதிகம் என்று மூத்த சகா ஒருவர் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே கண்ணைப் பார்த்தால் இன்றும் இரண்டையும்தான் எழுதுவேன்.

பின் நடந்தது

வார்டில் இருந்த நாளில் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. வரும் வழியில் 'செத்துடலாம் போல இருக்கு' என்று அவர் சொன்னதாக மனைவி சொல்லியிருந்தார். வலியில் சொல்வதுதானே என்று கடந்துவிடக் கூடாத வாக்கியம் அது. இந்த நோய்க்கு 'தற்கொலைத் தலைவலி' என்ற பெயரே உண்டு. தனியாக இருக்கும்போது நேராகவே கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சீசன்களில் அந்த எண்ணம் வருவதுண்டு, வலி போனால் போய்விடும், வீட்டில் சொன்னதில்லை என்றார். அவர் சம்மதத்தோடு மனைவியிடம் பேசினோம். சீசன் முடியும்வரை இரவில் அவரைத் தனியாக விடுவதில்லை என்று முடிவானது. அந்த வாரத்திலேயே மனநல மருத்துவரையும் பார்த்தார்.

நரம்பியல் மருத்துவர் குறுகிய காலத்துக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து, அது வேலை செய்யும் இடைவெளியில் வெராபமிலைப் படிப்படியாக 480 மி.கி.க்கு உயர்த்தினார். ஒவ்வொரு உயர்வுக்கும் முன்னால் இசிஜி. இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடிய மருந்து என்பதால் அவராகவே கூட்டிக்குறைக்கக் கூடாது என்பதை இந்த முறை விளக்கமாகச் சொன்னோம். வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டரும் பை வைத்த மாஸ்க்கும் ஏற்பாடானது. சிலிண்டர் இருக்கும் அறையில் சிகரெட் கூடாது என்றதும் மனைவி சிரித்துவிட்டார். இருபது ஆண்டாக அவர் சொல்லி நடக்காதது.

இமை ஐந்தாம் நாள் சமமாயிற்று. கண்மணி வித்தியாசம் மூன்று வாரம் இருந்து மறைந்தது. அட்டாக்குகள் பத்து நாளில் குறைந்து, ஐந்து வாரத்தில் சீசன் முடிந்தது.

மாற்றிக்கொண்டவை

கண்மணி அளவை மி.மீ.யில், நேரத்தோடு எழுதுகிறேன், வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் ஒன்று. வலி அடங்கி ஒரு மணி நேரம் கழித்து இமையையும் கண்மணியையும் திரும்பப் பார்க்காமல் கிளஸ்டர் நோயாளியை அனுப்புவதில்லை. கழுத்துவலியை நாங்களாகவே கேட்கிறோம். ஆக்சிஜன் கருவிகள் வைத்த அலமாரிக் கதவில், கிளஸ்டருக்கு எந்த மாஸ்க், எத்தனை லிட்டர், சாச்சுரேஷன் எவ்வளவு இருந்தாலும் கழற்றக் கூடாது என்று மூன்று வரி ஒட்டியிருக்கிறோம். அன்று 20 நிமிடம் வீணானதை மனதில் வைத்து அதை ஒட்டியவர் அந்த இளநிலை மருத்துவரேதான். 'பதற்றம்' என்று எழுதுவதை நாங்கள் முழுக்க விடவில்லை, விடவும் முடியாது. பக்கத்தில் எதனால் என்று எழுத வேண்டும் என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

அடுத்த சீசன் 14 மாதம் கழித்து வந்தது. முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்து வெராபமில் தொடங்கியிருந்தார். ஓர் இரவு வலி ஏறும்போது மறுபடி விரல் நுனி மரத்திருக்கிறது. மாஸ்க்கைப் பொருத்திக்கொண்டு, மனைவி எண்ண எண்ண மூச்சை இழுத்து விட்டிருக்கிறார். விரல் மடங்கவில்லை. வலி போனதும் மனைவி இரண்டு படம் எடுத்து, மறுநாள் பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவந்தார். முதல் படத்தில் இடது இமை தாழ்ந்திருந்தது. நாற்பது நிமிடம் கழித்து எடுத்த இரண்டாவதில் இரண்டு கண்ணும் சமமாக இருந்தன, தூக்கக் கலக்கத்தோடு.